மெலிவின் காரணம்: காவிரிப் படுகையில் உடலுருக்கம் பற்றிய அறிவின் வரலாறும் புற்றுநோயும்

ஆய்வுச்சுருக்கம்

புற்றுநோயாளர் மெலிவதற்கு உணவுக்குறைவே காரணம் என்னும் எண்ணம் தமிழகத்தில் ஆழ வேரூன்றியுள்ளது. நோய் தானே உடலின் வளர்சிதைமாற்றத்தைத் திருப்பித் தசையையும் கொழுப்பையும் கரைக்கிறது என்பதை இருபதாம் நூற்றாண்டின் மருத்துவ ஆய்வுகள் நிறுவியுள்ளன. இவ்விரு விளக்கங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு எவ்வாறு உருவாயிற்று என்பதை இக்கட்டுரை தஞ்சைப் பகுதியை மையமாகக் கொண்டு ஆராய்கிறது. மரபு மருத்துவத்தின் சயரோகக் கருத்து, சரபோசி காலத்து மருத்துவத் தொகுப்பு, காசநோய்க் கிருமியின் கண்டுபிடிப்பு, கும்பகோணத்துக் கணித அறிஞர் இராமானுஜனின் நோய்க்கணிப்புகள், குன்னூர் உணவாய்வு, சென்னைப் புற்றுநோய் மருத்துவத்தின் தோற்றம் ஆகியவை இதன் தரவுகளாகின்றன. ஒவ்வொரு காலமும் தனக்குப் பழகிய ஒரே காரணத்தைக் கொண்டு மெலிவை விளக்கியதால், புற்றின் உருக்கம் நெடுங்காலம் வேறு பெயர்களுக்குள் மறைந்திருந்தது என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: உடலுருக்கம், சயரோகம், எலும்புருக்கி, புற்றுநோய், சரபேந்திர வைத்தியம், இராமானுஜன், காவிரிப் படுகை

முன்னுரை

உடல் மெலிதலைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள்ளன. இளைத்தல், மெலிதல், தேய்தல், வாடுதல், உருகுதல் என்பன ஒரு பொருளன போலத் தோன்றினும் ஒவ்வொன்றும் ஒரு காரணத்தை உள்ளடக்கி நிற்கிறது. வாடுதல் நீரின்மையைச் சுட்டும். தேய்தல் சிறிது சிறிதாகக் குறைவதைச் சுட்டும். உருகுதல் உள்ளிருந்து எழும் வெம்மையைச் சுட்டும். சங்க அகப்பாடல்களில் வளை நெகிழ்தல் பிரிவின் அடையாளமாக அமைந்தது. அது ஓர் இலக்கிய மரபாயினும், எடைக்கருவி இல்லாத காலத்தில் மெலிவை அறிய உதவிய நடைமுறை அளவையும் அதுவே. அணிந்த பொருள் தளர்வதைக் கொண்டு உடல் குறைந்ததை அறிந்தனர்.

புற்றுநோயில் நிகழும் மெலிவை மேலை மருத்துவம் கேக்கெக்சியா என வழங்குகிறது. தீய நிலை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. இக்கட்டுரையில் அந்நிலை உடலுருக்கம் எனப்படுகிறது. வெறும் பட்டினியால் வரும் மெலிவிலிருந்து இது வேறுபட்டது. பட்டினியால் மெலிந்தவர் உண்டால் தேறுவர். உடலுருக்கம் உற்றவர் உண்டும் முழுமையாகத் தேறுவதில்லை. இந்த வேறுபாடு அறியப்படாதபோது பழி இருவர்மேல் விழுகிறது. நோயாளர் வீம்பாக உண்ண மறுப்பவராகவும், உடனிருந்து பேணுபவர், பெரும்பாலும் மனைவியோ மகளோ, சரியாக உணவளிக்காதவராகவும் கருதப்படுகின்றனர். நெல் விளையும் நிலத்தில் இப்பழி கூடுதல் கனம் பெறுகிறது. ஆகவே மெலிவு இங்கு எவ்வாறெல்லாம் விளக்கப்பட்டது என்பதை வரலாற்று நோக்கில் காண்பது தேவையாகிறது.

தேய்வு என்னும் கருத்து

சித்த மருத்துவம் உடலைச் சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் அல்லது சுரோணிதம் என்னும் ஏழு கட்டுகளால் ஆனதாகக் கொள்கிறது. உண்ட உணவு செரித்துச் சாரமாகி, அடுத்தடுத்த கட்டுகளாக மாறுகிறது. இவ்வரிசையில் எங்கேனும் தடை ஏற்பட்டால் அதற்கு அப்பால் உள்ள கட்டுகள் ஊட்டமின்றிக் குறையும். ஆயுர்வேத நூல்களும் இதே அடிப்படையில் இராசயட்சுமா என்னும் பெருநோயை விளக்கின. அளவுக்கு மீறிய உழைப்பு, இயற்கை வேகங்களை அடக்குதல், உடற்கட்டுகளின் இழப்பு, ஒழுங்கற்ற உணவு என்னும் நான்கு காரணங்களைச் சரக சங்கிதை கூறுகிறது. உணவு அவற்றுள் ஒன்று மட்டுமே.

இம்மரபில் இரு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, தேய்வு இரு திசைகளில் நிகழும் என்பது. சாரம் செல்லும் வழிகள் அடைபடுவதால் முதற்கட்டிலிருந்து இறுதிக்கட்டு நோக்கிச் செல்லும் குறைவு ஒன்று. இறுதிக்கட்டின் இழப்பால் பின்னோக்கி வரும் குறைவு மற்றொன்று. இரண்டாவது, நோயுற்றவர் உண்ணும் உணவு பெரும்பாலும் உடற்கட்டாக மாறாமல் கழிவாகவே போகிறது என்னும் கூற்று. உண்பதும் உடல் தேறுவதும் ஒன்றல்ல என்பதை இம்மருத்துவர்கள் நோயாளரின் படுக்கையருகே கண்டிருந்தனர். அவர்கள் கூறிய காரணத்தை இன்றைய உடலியங்கியல் ஏற்பதில்லை. ஆயினும் அவர்களின் கவனிப்பு பிழையானதன்று.

சயம் என்னும் சொல் வடமொழி க்ஷயத்தின் தமிழ் வடிவம். தேய்வு என்பதே அதன் பொருள். தக்கனின் சாபத்தால் சந்திரன் தேய்ந்த தொன்மத்தோடு இந்நோய் இணைக்கப்பட்டது. திருவையாற்றை அடுத்த திங்களூர், அப்பூதியடிகளின் ஊராகவும் சந்திரனுக்குரிய தலமாகவும் அறியப்படுவது. தேய்ந்த திங்கள் மீண்டும் வளரும் என்பதால் இத்தொன்மம் ஒரு நம்பிக்கையையும் உடன் தருகிறது. மெலிந்த உடல் மீண்டும் தேறும் என்பதே அந்நம்பிக்கை. பட்டினியைப் பொறுத்தவரை அது பொருந்தும். மருந்தால் தீரும் தொற்றுநோய்க்கும் பொருந்தும். முற்றிய புற்றின் உருக்கத்துக்கு அது பெரும்பாலும் பொருந்துவதில்லை.

கட்டிகளை மரபு மருத்துவம் வேறு வரிசையில் வைத்தது. கிரந்தி, அற்புதம், கழலை, பிளவை, விப்புருதி, புற்று என்னும் பெயர்கள் புண், வீக்கம் சார்ந்த இயல்களில் வருகின்றன. கிரேக்கர் நண்டின் உருவில் இந்நோயைக் கண்டு பெயரிட, தமிழ் கறையான் மண் எழுப்பும் புற்றைக் கண்டது. இரு பெயர்களும் வெளியே தெரியும் உருவைக் கொண்டவை. உள்ளுறுப்பில் வளரும் கட்டி கண்ணுக்குத் தெரியாதபோது மிஞ்சும் அடையாளம் மெலிவு மட்டுமே. அப்போது நோய் கட்டியின் வரிசையிலிருந்து நீங்கிச் சயத்தின் வரிசைக்கோ, வயிற்று நோயான குன்மத்தின் வரிசைக்கோ சென்றுவிடும். பின்னர் நிகழ்ந்த குழப்பங்களுக்கு இப்பிரிவு ஒரு முன்னோடி எனலாம்.

சரபோசி காலத் தொகுப்பு

தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி 1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்தார். சுவார்ட்சு என்னும் செருமானிய மறைப்பணியாளரிடம் கல்வி பெற்ற அவர், சரசுவதி மகால் நூலகத்தில் இந்திய மொழிச் சுவடிகளோடு ஐரோப்பிய மருத்துவ நூல்களையும் சேர்த்தார். அவர் நிறுவிய தன்வந்திரி மகாலில் பல மருத்துவ முறைகளைச் சேர்ந்தோர் பணியாற்றினர். பயன் கண்ட மருந்து முறைகள் அவைப் புலவர்களால் தமிழ்ச் செய்யுளாக்கப்பட்டன. சரபேந்திர வைத்திய முறைகள் என்னும் பெயரில் அவை பிற்காலத்தில் நோய்வாரியாக நூலகத்தின் வழி அச்சேறின. நீரிழிவு, குன்மம் முதலியவற்றோடு சயரோகமும் உளமாந்தையும் அத்தொகுப்பில் இடம்பெற்றன.

இத்தொகுப்பின் ஒழுங்கு நோயின் பெயரால் அமைந்தது. நோயுற்றவரின் பெயரால் அமைந்த பதிவுகளும் அதே அரண்மனையில் உண்டு. கண்நோயாளர் பற்றிய குறிப்புகள் வண்ண ஓவியங்களுடன் எழுதப்பட்டு இன்றும் சரசுவதி மகாலில் உள்ளன. ஒருவரின் உடல் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எந்நிலையில் இருந்தது என்பதைப் பதிவு செய்யும் முறை தஞ்சைக்கு அறிமுகமாகிவிட்டதை அவை காட்டுகின்றன. மெலிவை அறியத் தேவைப்படுவதும் இத்தகைய ஒப்பீடே. கண்ணுக்குக் கிடைத்த இத்தொடர்ச்சியான கவனிப்பு உடலின் எடைக்குக் கிடைக்கப் பின்னும் நெடுங்காலம் ஆயிற்று.

கிருமியும் எலும்புருக்கியும்

1882 மார்ச் 24 அன்று இராபர்ட் காக் பெர்லினில் காசநோய்க் கிருமியின் கண்டுபிடிப்பை அறிவித்தார். பல காரணங்களால் வரக்கூடிய தேய்வு என்னும் பழைய பெருவகை அதன்பின் ஒரே கிருமியின் நோயாகச் சுருங்கத் தொடங்கியது. தமிழில் சயரோகம் என்னும் சொல்லின் பொருளும் அவ்வாறே சுருங்கியது. எலும்புருக்கி என்னும் வழக்குச் சொல் காசநோயின் மறுபெயராயிற்று. உருக்கம் என்னும் அறிகுறி ஒரு நோயின் தனியுடைமையானது.

காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில் ஓய்வும் தூய காற்றும் சத்துணவுமே சிகிச்சையாக அமைந்தன. நலவாழ்வு இல்லங்களில் நோயாளரைக் குறித்த நாள்களில் நிறுத்து எடையைப் பதிவு செய்வது வழக்கமானது. எடை கூடினால் நோய் தணிகிறது என்று கொள்ளப்பட்டது. மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரம் தென்னிந்தியாவில் இம்முறையை நிலைநிறுத்தியது. தஞ்சையை அடுத்த செங்கிப்பட்டியிலும் பின்னர் காசநோய் மருத்துவமனை எழுந்தது. மருத்துவத்தில் மெலிவு எண்ணாக மாறியது இந்நிறுவனங்களின் வழியே ஆகும். ஆனால் அந்த எண் காசநோயின் எண்ணாகவே படிக்கப்பட்டது. இருமலும் மெலிவும் கொண்டு வந்தவரை முதலில் காசநோயாளராகக் கருதும் பழக்கம் இதன் எச்சம். காசநோய் மிகுந்த நாட்டில் அப்பழக்கம் நியாயமானதே. எனினும் நுரையீரல் புற்று காசநோயாகக் கருதப்பட்டு மாதக்கணக்கில் காலம் கடப்பதை இந்திய மருத்துவ ஆய்வுகள் மீண்டும் மீண்டும் பதிவு செய்துள்ளன.

இராமானுஜனின் மெலிவு

ஒரே மெலிவுக்கு எத்தனை காரணங்கள் கூறப்படலாம் என்பதற்குப் படுகையிலிருந்தே நன்கு ஆவணப்படுத்தப்பட்ட சான்று உள்ளது. சீனிவாச இராமானுஜன் 1887இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் வளர்ந்தவர். 1914இல் கேம்பிரிட்சு சென்ற அவர் 1917இல் நோயுற்றார். மெண்டிப் குன்றுகள், மேட்லாக், இலண்டன், பட்னி எனப் பல இடங்களில் நோய்ப்படுக்கையில் இருந்தார்.

முதலில் இரைப்பைப் புண் என்றனர். பின்னர் காசநோய் என்றனர். பேட்டி ஷா என்னும் மருத்துவர் வேறொன்றை ஐயுற்றார். இராமானுஜனுக்கு இந்தியாவில் இருந்தபோது விரைவீக்கத்துக்காக அறுவை நடந்திருந்தது. அவ்வீக்கம் உண்மையில் புற்றாக இருந்து, இப்போது கல்லீரலுக்குப் பரவியிருக்கக்கூடும் என்பது அவருடைய கருத்து. பிற மருத்துவர்கள் அதை ஏற்கவில்லை என்பதும், மாதங்கள் பல சென்றும் நோயாளரின் நிலை மோசமாகாததால் பேட்டி ஷாவே அக்கருத்தைக் கைவிட்டார் என்பதும் 1918இல் ஹார்டி எழுதிய மடலால் அறியப்படுகின்றன. புற்றாக இருந்தால் உருக்கம் நில்லாது தொடரும் என்னும் அனுபவ அறிவே இங்கு நோய்க்கணிப்பின் அளவுகோலாயிற்று.

போர்க்காலத் தட்டுப்பாட்டில் மரக்கறி உணவை மட்டும் தாமே சமைத்து உண்ட அவருடைய வழக்கமும் காரணமாகச் சுட்டப்பட்டது. 1919 மார்ச்சில் நாடு திரும்பிய அவர் கொடுமுடியிலும் கும்பகோணத்திலும் தங்கினார். சென்னையில் காசநோய் வல்லுநர் பி. எஸ். சந்திரசேகர ஐயர் சிகிச்சை அளித்தார். 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் தம் 32ஆம் அகவையில் இராமானுஜன் மறைந்தார். 1994இல் டி. ஏ. பி. யங் என்னும் மருத்துவர் கிடைத்த ஆவணங்களை ஆராய்ந்து, கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயே பொருத்தமான விளக்கம் என வாதிட்டார்.

இரைப்பைப் புண், காசநோய், புற்று, உணவுக்குறைவு, அமீபா நோய் என ஐந்து விளக்கங்கள் ஓருடலின் மெலிவுக்கு வழங்கப்பட்டுள்ளன. அக்காலத்தின் சிறந்த மருத்துவர்கள் சிலரைக் காணும் வாய்ப்புப் பெற்றவரின் நிலை இது. மெலிவு காரணத்தைத் தன்மேல் எழுதிக்கொண்டு வருவதில்லை. பார்ப்பவர் அறிந்த காரணத்தையே அது ஏற்றுக்கொள்கிறது. குடும்பத்தாரின் நினைவிலும் பொதுவழக்கிலும் இறுதியில் நிலைபெற்றது காசநோய் என்னும் பெயரே.

அரிசி உணவும் மெலிவும்

1920களில் மெலிவுக்கு மற்றொரு விளக்கம் வலுப்பெற்றது. குன்னூரில் ஆய்வு நடத்திய இராபர்ட் மெக்காரிசன் இந்தியாவின் பல பகுதி உணவுகளை எலிகளுக்கு அளித்து ஒப்பிட்டார். கோதுமை, பால், காய்கறி கொண்ட சீக்கியர் உணவை உண்டவை நன்கு வளர்ந்தன. அரிசியை முதன்மையாகக் கொண்ட சென்னை மாகாண உணவை உண்டவை எடை குறைந்து காணப்பட்டன. அரிசி உண்போரின் மெலிந்த உடலுக்கு உணவின் தரமே காரணம் என்னும் கருத்து இதனால் அறிவியல் மதிப்புப் பெற்றது. குன்னூர் ஆய்வகம் 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று.

இவ்விளக்கம் படுகையின் வாழ்வோடு எளிதில் பொருந்தியது. மிராசுதாரின் உடலும் பண்ணையாளின் உடலும் நெல்லின் பங்கீட்டைக் காட்டி நின்ற நிலம் இது. கூலியாக அளக்கும் நெல்லைக் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாக 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். மெலிவு என்றால் பசி என்று இங்குள்ளோர் புரிந்துகொண்டதற்கு வாழ்வனுபவமே அடிப்படை. அப்புரிதல் தவறன்று, நிறைவற்றது.

உணவுக்கும் நோய் தீர்வதற்கும் உள்ள உறவை நேரடியாகச் சோதித்த ஆய்வும் தமிழகத்திலேயே நடந்தது. 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. நலவாழ்வு இல்லத்தில் ஓய்வும் நல்லுணவும் பெற்றோரையும், நெருக்கடியான வீடுகளில் எளிய உணவோடு வாழ்ந்தபடி அதே மருந்தை உட்கொண்டோரையும் மையம் ஒப்பிட்டது. இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர் என்பது 1959இல் வெளியான முடிவு. நோயின் காரணத்தை மருந்து அகற்றினால் உணவு குறைந்த இடத்திலும் நோய் தீரும் என்பதை இது காட்டியது. இதன் மறுபக்கம் புற்றுநோயில் வெளிப்பட்டது. காரணம் அகலாதபோது உணவு மட்டும் உருக்கத்தை நிறுத்தாது.

புற்று தனி நோயாக அறியப்படுதல்

சென்னைப் பொது மருத்துவமனை அனுபவத்தின் அடிப்படையில் நிப்லாக் என்னும் மருத்துவர் 1902இல் இந்தியாவில் புற்றுநோய் பற்றி எழுதினார். வெற்றிலை பாக்கு மெல்லும் வழக்கத்துக்கும் கன்னப் புற்றுக்கும் உள்ள தொடர்பு அதில் சுட்டப்பட்டது. திருவிதாங்கூரை ஆராய்ந்த ஆர் என்பவரும் 1933இல் இத்தொடர்பை விரிவாக எழுதினார். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை புகையிலை சேர்ந்த தாம்பூலத்தைப் புற்றுக்காரணியாக 1985இல் அறிவித்தது. புகையிலை சேராத தாம்பூலமும் பாக்கும் 2004இல் வெளியான தொகுதியில் அப்பட்டியலில் சேர்ந்தன.

காவிரிக் கரையின் கொடிக்கால்கள் கும்பகோணம் வெற்றிலைக்குப் பெயர்பெற்றவை. வேதாரணியம் பகுதி மெல்லும் புகையிலைக்கு அறியப்பட்டது. வழிபாடு, மணவினை, விருந்து ஆகிய மூன்றிலும் தாம்பூலம் இன்றியமையாதது. நடவிலும் அறுவடையிலும் இடைவேளையில் பசியை அடக்கவும் அது உதவியது. இங்கு மெலிவின் காரணம் இரட்டிப்பாகிறது. பசியைத் தணிக்க மென்ற பொருள் வாய்ப்புற்றை உண்டாக்க, வாய்ப்புற்று உண்ணும் வழியை அடைக்கிறது. பாக்கு மெல்வோரிடம் வாயின் உட்சவ்வு இறுகி வாய் திறக்க இயலாமல் போவதும் உண்டு.

உள்ளுறுப்புப் புற்றின் வரலாறு வேறு. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1920களில் மலக்குடல் புற்றால் இறந்தார். அந்நோய் முதலில் சீதபேதி எனக் கருதப்பட்டது. மருத்துவராகிய தமக்கை உடனிருந்தும் நோய் வேறு பெயருக்குள் மறைந்திருந்தது. இவ்விழப்பே புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்னும் அவருடைய நெடுநாள் முயற்சிக்குத் தூண்டுதலாயிற்று. 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் அடையாறு புற்றுநோய் நிறுவனம் செயற்படத் தொடங்கியது. 1955இல் அங்குச் சேர்ந்த வி. சாந்தாவும் முத்துலட்சுமியின் மகன் எஸ். கிருஷ்ணமூர்த்தியும் அதை வளர்த்தெடுத்தனர். 1980களின் தொடக்கத்தில் சென்னையில் மக்கள்தொகை அடிப்படையிலான புற்றுநோய்ப் பதிவேடு உருவானது. சென்னை ஆண்களிடம் இரைப்பைப் புற்று முன்னணியில் இருப்பதை அப்பதிவேடு நெடுங்காலம் காட்டிவந்தது. மிகுதியாக மெலிவை உண்டாக்கும் புற்றுகளுள் அதுவும் ஒன்று.

உருக்கம் நிகழும் முறை

புற்றுநோயாளரின் மெலிவு தனி ஆய்வுப்பொருளானது இருபதாம் நூற்றாண்டில்தான். 1932இல் அமெரிக்க நோயியலறிஞர் ஷீல்ட்ஸ் வாரன் 500 பிணக்கூறாய்வுகளின் அடிப்படையில், புற்றுநோய் இறப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு உடலுருக்கமே நேரடிக் காரணம் எனக் கணக்கிட்டார். 1980இல் டிவைஸ் குழுவினர் 3,047 நோயாளரை ஆராய்ந்தனர். சிகிச்சைக்கு முன்பே எடை குறைந்தோர் சில குருதி சார்ந்த புற்றுகளில் 31 விழுக்காடாகவும் இரைப்பைப் புற்றில் 87 விழுக்காடாகவும் இருந்தனர். எடை குறைந்தோரின் வாழ்நாளும் குறைவாகவே இருந்தது. கட்டியின் அளவைவிடக் கட்டியின் வகை மெலிவைத் தீர்மானிக்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று.

காரணங்களை இரண்டாகப் பகுக்கலாம். முதல்வகை உணவு குறைதல். வாய், தொண்டை, உணவுக்குழாய் ஆகியவற்றின் அடைப்பு, இரைப்பை விரைவில் நிறைந்ததாகத் தோன்றுதல், குமட்டல், நாச்சுவை மாறுதல், வலி, மனச்சோர்வு, சிகிச்சையின் பின்விளைவு ஆகியன இதில் அடங்கும். குழாய்வழி உணவூட்டலும் வலிநீக்கமும் இங்குப் பெரிதும் பயன்தரும்.

இரண்டாவது வகை உடலின் உள்ளே நிகழும் மாற்றம். பட்டினியின்போது உடல் சிக்கனம் காக்கிறது. சில நாள்களில் மூளை கொழுப்பிலிருந்து பெறும் கீட்டோன்களைப் பயன்படுத்தத் தொடங்கும். தசையின் புரதம் இயன்றவரை காக்கப்படும். புற்றுநோயில் இச்சிக்கனம் குலைகிறது. கட்டியும் அதை எதிர்க்கும் உடலின் தற்காப்புச் செல்களும் வெளியிடும் பொருள்கள் நீடித்த அழற்சியை உண்டாக்குகின்றன. இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6, கட்டியழிவுக் காரணி ஆகியன மூளையின் ஐப்போதலாமசில் பசியை அடக்கும். தசைச்செல்லில் யூபிக்விட்டின் குறியிட்ட புரதங்கள் புரோட்டியசோம் என்னும் சிதைப்பு உறுப்பால் வேகமாக உடைக்கப்படும். கொழுப்புத் திசு கரைவதோடு, அதன் ஒரு பகுதி ஆற்றலை வெப்பமாக வீணாக்கும் வகையாகவும் மாறும். எலும்புருக்கி என்னும் சொல்லில் உள்ள உருகுதல் என்னும் உருவகம் இவ்விடத்தில் ஏறக்குறைய நேர்ப்பொருள் பெறுகிறது.

புற்றுச்செல்கள் குளுக்கோசை மிகுதியாக லாக்டிக் அமிலமாக மாற்றுவதை 1920களில் ஓட்டோ வார்பர்க் கண்டார். கல்லீரல் அந்த அமிலத்தை மீண்டும் குளுக்கோசாக்குவதைக் கோரி இணையர் விளக்கினர். ஒரு குளுக்கோசை உடைத்துக் கட்டி பெறுவது 2 ஏ.டி.பி. மூலக்கூறுகள், அதை மீட்டாக்கக் கல்லீரல் செலவிடுவது 6. இவ்விழப்புச் சுழற்சி உருக்கத்தின் ஒரு பகுதியை விளக்குகிறது.

1980களில் அந்தோணி செராமியின் குழு ஒட்டுண்ணி நோயால் மெலிந்த முயல்களை ஆராய்ந்து, உருக்கத்தை உண்டாக்கும் புரதம் ஒன்றுக்குக் கேக்கெக்டின் எனப் பெயரிட்டது. 1985இல் அது கட்டியழிவுக் காரணியே என உறுதியாயிற்று. தொற்றுநோயிலும் புற்றிலும் ஒரே வேதிப்பொருள் உடலை மெலிவிக்கிறது என்னும் இக்கண்டுபிடிப்பு, எலும்புருக்கியும் புற்றும் ஏன் ஒன்றுபோல் தோன்றின என்பதை விளக்குகிறது. நோய்கள் வேறாயினும் உடல் உருகும் பாதை பெரிதும் ஒன்றே. சயம் என்னும் ஒரே பெயரில் பலவற்றை அடக்கிய பழைய மருத்துவரின் பார்வைக்கு இது எதிர்பாராத விளக்கமாக அமைகிறது.

உணவே தீர்வாயின் நரம்புவழி முழு ஊட்டம் செலுத்தினால் நோயாளர் தேற வேண்டும். அவ்வெதிர்பார்ப்போடு நடந்த சோதனைகள் ஏமாற்றமளித்தன. வேதிச்சிகிச்சை பெறுவோருக்கு வழக்கமாக அவ்வூட்டம் அளிப்பதை 1989இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி ஊக்குவிக்க மறுத்தது. 2011இல் பன்னாட்டு வல்லுநர் குழு வகுத்த வரையறை, வழக்கமான ஊட்டத்தால் முழுமையாக மீட்க இயலாத தசையிழப்பு என இந்நிலையைக் கூறுகிறது. 2017இல் ஜி.டி.எஃப்.-15 என்னும் புரதம் மூளைத்தண்டில் பற்றும் இடம் அறியப்பட்டது. அப்புரதத்தைத் தடுக்கும் பொன்செக்ரோமாப் என்னும் மருந்து 12 வாரங்களில் நோயாளரின் எடையைக் கூட்டியதை 2024இல் வெளியான இரண்டாம் கட்ட ஆய்வு காட்டியது. பசியைத் தூண்டும் அனமொரெலின் சப்பானில் 2021இல் ஒப்புதல் பெற்றது. வாழ்நாள் நீட்டிப்பை இம்மருந்துகள் இன்னும் நிறுவவில்லை.

அளவை என்னும் சிக்கல்

2011ஆம் ஆண்டு வரையறை இருக்கும் எடையைவிட இழந்த எடைக்கு முதன்மை தருகிறது. ஆறு மாதங்களில் 5 விழுக்காட்டுக்கு மேல் எடை குறைந்தால் உடலுருக்கம் எனக் கொள்ளப்படும். உடற்பருமன் குறியீடு 20க்குக் கீழ் உள்ளவருக்கு 2 விழுக்காட்டுக்கு மேற்பட்ட இழப்பே போதுமானது. 45 கிலோ எடையுள்ள உழவுத்தொழிலாளி ஒருவருக்கு இது 900 கிராம். முன்பிருந்த எடை தெரியாவிட்டால் இவ்வளவையைப் பயன்படுத்த இயலாது.

படுகையின் வரலாற்றில் இச்சிக்கல் வர்க்கச் சார்புடையது. கலம், மரக்கால், படி என நெல்லை அளந்த நிலம் உழைப்பவரின் உடலை அளக்கவில்லை. மெலிந்த உடலே இயல்பாகக் கருதப்பட்டவர்களிடம் நோயின் மெலிவு தனித்துத் தெரிவதில்லை. குறுவை அறுவடைக்கு முந்தைய வேலையற்ற மாதங்களில் இளைப்பதும் பின்னர் தேறுவதும் ஆண்டுதோறும் நிகழ்ந்த இடத்தில், தேறாமல் போன ஆண்டு காலம் கடந்தே கவனத்துக்கு வரும். சதைப்பற்றுள்ளவர் மெலிந்தால் ஊர் கேட்கும். ஏற்கெனவே மெலிந்தவர் மேலும் மெலிந்தால் கேட்பாரில்லை.

முடிவுரை

காவிரிப் படுகையில் மெலிவு உடற்கட்டின் தேய்வாகவும், கிருமியின் செயலாகவும், அரிசி உணவின் குறையாகவும், பசியின் அடையாளமாகவும் அடுத்தடுத்துப் படிக்கப்பட்டது. ஒவ்வொரு விளக்கமும் தன் காலத்தின் உண்மையொன்றைக் கொண்டிருந்தது. ஒவ்வொன்றும் பிறவற்றை மறைக்கவும் செய்தது. இராமானுஜனின் மெலிவும் முத்துலட்சுமியின் தங்கைக்கு நேர்ந்த நோய்க்கணிப்பும் கற்றோர் இல்லங்களில்கூட அம்மறைப்பு நிகழ்ந்ததைக் காட்டுகின்றன.

உண்ட உணவு உடலில் சேராத நிலை ஒன்று உண்டு என்பதைச் சயரோக இயலை எழுதியோர் கவனித்திருந்தனர். கிருமியும் ஊட்டச்சத்தும் முதன்மை பெற்ற நூற்றாண்டில் அக்கவனிப்பு பின்னுக்குச் சென்றது. வளர்சிதைமாற்ற ஆய்வுகள் அதை வேறு சான்றுகளோடு மீட்டுள்ளன. உண்ண இயலாத நோயாளருக்கு உணவு செல்ல வழி செய்தல், எடையைத் தொடக்கத்திலேயே பதிவு செய்தல், காசநோய் மருந்துக்கும் தேறாத மெலிவை மறு ஆய்வு செய்தல் ஆகியன இவ்வரலாறு சுட்டும் நடைமுறைகள். முற்றிய நிலையில் ஒரு கரண்டிக் கஞ்சியை ஒருவர் மறுப்பது பிடிவாதமன்று. அதை ஊட்ட இயலாமை பேணுபவரின் குற்றமுமன்று. இதனைத் தமிழில் தெளிவாகச் சொல்வதற்கு, பட்டினியின் மெலிவையும் நோயின் உருக்கத்தையும் வேறுபடுத்தும் சொற்கள் பாடநூல்களிலும் மருத்துவமனைகளிலும் நிலைபெற வேண்டும். சித்த மருத்துவச் சுவடிகளிலும் படுகையின் பேச்சுவழக்கிலும் அத்தகைய சொற்களைத் தொகுக்கும் பணி ஆய்வாளருக்குக் காத்திருக்கிறது.